கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து பவர் எலக்ட்ரானிக்ஸ், டிரைவ்ஸ் படிக்க: எதை முதலில், எதைப் பிறகு

டிப்ளமோ முடித்துக் கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் மின் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்திருந்தேன். நான்காவது மாதம் ஒரு புளோயரின் (காற்று ஊதும் பெரிய விசிறி) டிரைவ், அதாவது மோட்டாரின் வேகத்தை ஆளும் கருவி, நின்றுபோனது. திரையில் ‘ஓவர் வோல்டேஜ்’ என்று வந்திருந்தது. உள்ளே வரும் லைனில் அளந்து பார்த்தேன். 412 வோல்ட், எந்தக் குறையும் இல்லை. அதற்கு மேல் எங்கே கை வைப்பது என்று தெரியவில்லை. மூன்று ஆண்டு மின்னியல் படித்திருந்தும் பேனல் முன் வெறுமனே நின்றேன். மறுநாள் வெளியூரிலிருந்து வந்த சர்வீஸ் பொறியாளர் ஓர் எண்ணை 5-லிருந்து 40-ஆக மாற்றினார். கால் மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்.

அந்தக் கால் மணி நேர வேலையைப் புரிந்துகொண்டு செய்யும் நிலைக்கு வர எனக்கு ஆறு ஆண்டுகள் ஆயின. அதில் இரண்டு ஆண்டுகள் வீண். பணத்தைத் தவறான இடத்தில் கட்டினேன், பாடத்தைத் தலைகீழ் வரிசையில் படித்தேன், ஒரே ஒரு சான்றிதழ் கையில் இல்லாமல் ஓர் ஆண்டுக் கலந்தாய்வைத் தவறவிட்டேன். பண்ருட்டி, நெய்வேலி, சிதம்பரம், பாகூர், வில்லியனூர் என்று நம் பக்கத்திலிருந்து இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்கு அந்த இரண்டு ஆண்டுகள் மிச்சமாக வேண்டும் என்று எழுதுகிறேன்.

1. உங்களுக்கான வாசல் எது என்று பாருங்கள்

ஏசியை டிசியாகவும், டிசியை நாம் கேட்கிற அதிர்வெண்ணில் ஏசியாகவும் மாற்றித் தருவது பவர் எலக்ட்ரானிக்ஸ். அப்படி மாற்றிய மின்சாரத்தைக் கொண்டு மோட்டாரின் வேகத்தையும் முறுக்குவிசையையும் ஆள்வது டிரைவ். இரண்டையும் சேர்த்துப் படிக்க நான்கு வாசல்கள் இருக்கின்றன.

பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் ஐடிஐ எலக்ட்ரீஷியன் பிரிவில் 2 ஆண்டு படிக்கலாம், அல்லது பாலிடெக்னிக்கில் மின்னியல் மற்றும் மின்னணுவியல் டிப்ளமோ 3 ஆண்டு படிக்கலாம். ஐடிஐ முடித்தவர்கள் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். பி.இ. முடித்தவர்களுக்கு ‘பவர் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் டிரைவ்ஸ்’ என்ற பெயரிலேயே 2 ஆண்டு எம்.இ. உண்டு.

இளநிலையில் இந்தப் பெயர் தாங்கிய தனிப் படிப்பைத் தேடி அலைய வேண்டாம். பொதுவான இஇஇ (மின்னியல் மற்றும் மின்னணுவியல்) பிரிவே போதும். வேலை வாய்ப்பு விளம்பரங்களில் கேட்பதும் அதைத்தான். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், பிள்ளைச்சாவடியில் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், காரைக்காலில் புதுச்சேரி என்ஐடி ஆகியவற்றில் இஇஇ துறை இருக்கிறது. டிப்ளமோவுக்கு லாஸ்பேட்டை மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை: வேலையில் இருந்துகொண்டே ‘தொலைதூரக் கல்வியில் பி.இ. முடிக்கலாம்’ என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கம் போகாதீர்கள். தொலைதூர முறையில் பெற்ற பொறியியல் பட்டத்தை, தொழில்நுட்பக் கல்விக்கான தேசிய அமைப்பான ஏஐசிடிஇ ஏற்பதில்லை. என்னோடு வேலை செய்த ஒருவர் பணம் முழுவதும் கட்டிய பிறகுதான் இதைத் தெரிந்துகொண்டார்.

2. முள்ளோடைக்கு எந்தப் பக்கம்? சான்றிதழ்களை இப்போதே எடுங்கள்

நமக்குக் கடலூரும் புதுச்சேரியும் ஒரே ஊர் மாதிரி. காலையில் இங்கே சாப்பிட்டுவிட்டு அங்கே வேலைக்குப் போகிறோம். ஆனால் கலந்தாய்வு அப்படிப் பார்ப்பதில்லை. முள்ளோடையைத் தாண்டினால் விதிகள் மாறிவிடும். தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கை ஒரு வழி. புதுச்சேரியின் சென்டாக் சேர்க்கை வேறு வழி. இந்தப் பக்கத்துப் பிள்ளை அங்கே பிற மாநிலத்தவர். அந்தப் பக்கத்துப் பிள்ளை இங்கே பிற மாநிலத்தவர்.

நான் சிக்கியது இங்கேதான். எங்கள் வீடு கடலூர் மாவட்டத்துக்குள் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் பக்கம் என்பதால் எல்லைக்கு அப்பால் ஒரு பள்ளியில் படித்தேன். டிப்ளமோ முடித்துப் பி.இ. இரண்டாம் ஆண்டுச் சேர்க்கைக்குப் போனபோது, பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்நாட்டில் இல்லாததால் பிறப்பிடச் சான்றிதழ் கேட்டார்கள். என்னிடம் இல்லை. விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று படி ஏறி அது கைக்கு வர மூன்று வாரங்கள் ஆயின. அதற்குள் கலந்தாய்வு முடிந்துவிட்டது. இ-சேவை மையத்தில் அதற்கான கட்டணம் வெறும் 60 ரூபாய். அந்த 60 ரூபாய்ச் சான்றிதழுக்காக ஓர் ஆண்டு போனது.

ஆகவே மார்ச் மாதத்துக்குள் இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: சாதிச் சான்றிதழ், பிறப்பிடச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவர் என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ். கட்டணச் சலுகை வேண்டுமானால் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியே சேர வேண்டும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டு முதல் பட்டதாரிச் சான்றிதழை நீட்டினால் பயன் இல்லை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே செலுத்துகிறது. படித்த பள்ளிகளிலிருந்து அதற்கான சான்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். இரண்டு மூன்று பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் அலைய வேண்டிவரும்.

இன்னொரு பொறி, பெயர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால் இருக்கும். ஆதாரில் பின்னால் இருக்கும். வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முழுவதும் விரிந்திருக்கும். மூன்றும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழை மூலமாக வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்ப மாற்றிவிடுங்கள். சேர்க்கை நேரத்தில் இதைச் செய்ய முடியாது.

எம்.டெக். படிக்க என்ஐடி பக்கம் போக நினைக்கும் பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் இதைக் கட்டாயம் கவனியுங்கள். மாநில அரசின் நிரந்தரச் சாதி அட்டை அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், ‘கிரீமி லேயர்’ அல்லாதவர் என்று குறிப்பிட்ட ஓபிசி சான்றிதழ் வேண்டும். அதுவும் அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

3. பணம் கட்டுமுன் ஸ்க்ரூவின் தலையைப் பாருங்கள்

அந்தப் புளோயர் சம்பவத்துக்குப் பிறகு எனக்கு அவசரம். ‘டிரைவ், பிஎல்சி, 40 நாளில்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து (பிஎல்சி என்பது இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினி), வேறொரு நகரத்தில் இருந்த பயிற்சி மையம் ஒன்றில் 28,000 ரூபாய் கட்டினேன். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் தனியே 11,000. முப்பது நாட்கள் திரையில் படம் காட்டினார்கள். மீதி நாட்களில் சுமையே இல்லாமல் சுற்றும் ஒரு கால் எச்பி மோட்டாரைக் குமிழைத் திருகி வேகமாகவும் மெதுவாகவும் ஓட்டிக் காட்டினார்கள். வயரிங் செய்ய எங்களை விடவில்லை. முடிவில் பளபளப்பான சான்றிதழ் தந்தார்கள். அதை இன்றுவரை எந்த நேர்காணலிலும் யாரும் கேட்டதில்லை.

பயிற்சி மையமோ கல்லூரியோ, சேருமுன் ஆய்வுக்கூடத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் திரும்பிவிடுங்கள். காட்டினால், முதலில் டெர்மினல் ஸ்க்ரூக்களைப் பாருங்கள். மாணவர்கள் கழற்றி மாட்டியிருந்தால் ஸ்க்ரூவின் தலை தேய்ந்து, வெள்ளையாக இருக்கும். புத்தம் புதிதாக இருந்தால் அந்தப் பெஞ்சு பார்வைக்கு மட்டும் வைத்தது. அடுத்து, மோட்டாரோடு சுமை இணைந்திருக்கிறதா? பெல்ட் போட்ட பிரேக் டிரம்மாவது, ஒரு டிசி ஜெனரேட்டராவது இருக்க வேண்டும். சுமை ஏற்றாத மோட்டாரில் டிரைவின் சிரமம் எதுவும் தெரியாது. ஒரு பெஞ்சுக்கு எத்தனை பேர், மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்புக்கு, எர்த்தோடு இணையாமல் அளக்கும் டிஃபரென்ஷியல் புரோப் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

பாடத்துக்குப் பணமே தேவையில்லை. என்பிடெல் தளத்தில் ஐஐடி, இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் பவர் எலக்ட்ரானிக்ஸையும் மின் டிரைவ்களையும் முழுப் பாடமாக நடத்தியிருக்கிறார்கள். பதிவு செய்வதும் கேட்பதும் இலவசம். ஜனவரியிலும் ஜூலையிலும் புதிய சுற்று தொடங்கும். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் 1,000 ரூபாய் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். வாராந்தர ஒப்படைப்புகளுக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண்கள். ஒப்படைப்புகளைத் தவறவிட்டுத் தேர்வில் மட்டும் நன்றாக எழுதினாலும் சான்றிதழ் வராது. இரண்டிலும் குறைந்தபட்ச மதிப்பெண் தனித்தனியே வேண்டும்.

4. மோட்டாரிலிருந்து தொடங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். நான் டிரைவுக்குள் மின்சாரத்தை வேகமாக ஆன், ஆஃப் செய்யும் ஐஜிபிடி என்ற சுவிட்சில் தொடங்கினேன், அந்த ஆன், ஆஃப் நேரத்தை மாற்றி வோல்டேஜை ஆளும் பிடபிள்யூஎம் அலைகளை வரைந்தேன், சிமுலேஷன் ஓட்டினேன், எதுவும் ஒட்டவில்லை. டிரைவ் யாருக்காக இத்தனை பாடுபடுகிறதோ அந்த மோட்டாரே எனக்குத் தெரியாமல் இருந்ததுதான் காரணம்.

உங்கள் ஊரில் மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்று கட்டாயம் இருக்கும். உரிமையாளரிடம் நேராகப் போய், ‘அண்ணே, பதினைந்து நாள் கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன், சம்பளம் வேண்டாம்’ என்று கேளுங்கள். கடலூர் முதுநகரில் நான் உட்கார்ந்திருந்த கடையில் பெரியவர் ஒருவர் 36 பள்ளங்கள் உள்ள ஸ்டேட்டரை மடியில் சாய்த்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் காகிதம் மடித்துச் செருகிய பிறகே கம்பியைத் தொடுவார். எரிந்த காயிலை முகர்ந்தே சுமை கூடி எரிந்ததா, ஒரு ஃபேஸ் போய் எரிந்ததா என்று சொல்லிவிட்டு, பிரித்து நிரூபித்தும் காட்டுவார். மூன்றில் ஒரு தொகுதி மட்டும் நிறம் மாறாமல் இருக்கும், அல்லது எல்லாமே ஒரே மாதிரி கருகியிருக்கும். சுழலும் காந்தப்புலம் என்று நான்காம் பருவத்தில் மனப்பாடம் செய்தது அந்தக் கடையில்தான் எனக்குப் புரிந்தது.

பிறகு நேம் பிளேட்டைப் படிக்கப் பழகுங்கள். 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 1440 ஆர்பிஎம் என்று இருந்தால், அது நான்கு துருவ மோட்டார். 120-ஐ 50-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 1500. அது காந்தப்புலத்தின் வேகம். மோட்டார் 60 சுற்று பின்தங்கி ஓடுகிறது. அதுதான் ஸ்லிப், 4 சதவீதம். 25 ஹெர்ட்ஸ் கொடுத்தால் காந்தப்புலம் 750-இல் சுற்றும். அப்போது வோல்டேஜும் பாதியாக, ஏறக்குறைய 207-ஆக, இறங்கியாக வேண்டும். 415-ஐ 50-ஆல் வகுத்தால் வரும் 8.3 என்ற விகிதத்தைக் காப்பாற்றத்தான் இது. வோல்டேஜைக் குறைக்காமல் அதிர்வெண்ணை மட்டும் குறைத்தால் இரும்பு உட்கரு நிறைவுற்று, மின்னோட்டம் எகிறி, காயில் சூடேறும். 50-க்கு மேலே போனால் வோல்டேஜ் ஏற இடம் இல்லை. வேகம் கூடும், முறுக்குவிசை குறையும். டிரைவின் அடிப்படைப் பாடத்தில் பாதி இவ்வளவுதான்.

5. எட்டு மாதப் பாட வரிசை

முதல் இரண்டு மாதம் மோட்டார். மூன்றாவது மாதம் டயோடு, எஸ்சிஆர், மாஸ்ஃபெட், ஐஜிபிடி ஆகிய நான்கு மின்னணு சுவிட்சுகளும். ஒவ்வொன்றையும் எப்படி ஆன் செய்வது, எப்படி ஆஃப் ஆகும், எதில் எவ்வளவு இழப்பு என்ற மூன்று கேள்விகள் போதும். நான்காவது மாதம் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர், டிசி வோல்டேஜை மாற்றும் சாப்பர். ஐந்தாவதும் ஆறாவதும் டிசியை ஏசியாக்கும் இன்வெர்ட்டருக்கும் பிடபிள்யூஎம்முக்கும். இங்கே அவசரப்படாதீர்கள், தாளில் கையால் அலை வரையுங்கள். ஏழாவது மாதம், மேலே சொன்ன வோல்டேஜ், அதிர்வெண் விகிதத்தைக் காக்கும் வி/எஃப் கட்டுப்பாடு, பிறகு முறுக்குவிசையைத் தனியே ஆளும் வெக்டர் கட்டுப்பாடு. எட்டாவது மாதம் பிஎல்சியோடு இணைப்பது, 4–20 மில்லிஆம்பியர் சிக்னல், ஆர்எஸ்-485 கம்பி வழியே மோட்பஸ் தகவல் தொடர்பு.

கணிதம் பயமுறுத்தினால், ஆர்எம்எஸ், ஃபேசர், ஃபூரியே தொடரின் அடிப்படை இந்த மூன்றையும் முதலில் முடித்துவிடுங்கள். ஆறு டயோடு ரெக்டிஃபையர் ஏன் 5-ஆவது, 7-ஆவது ஹார்மோனிக்குகளை (50 ஹெர்ட்ஸைப் போல 5, 7 மடங்கு அதிர்வெண் உள்ள அலைகளை) லைனில் கொட்டுகிறது என்று புரிய ஃபூரியே தேவை. தொழிற்சாலையில் அடிக்கடி வரும் கேள்வி அது. சிமுலேஷனுக்கு எல்டிஸ்பைஸ் இலவசமாகக் கிடைக்கிறது, அது போதும்.

6. வீட்டு மேசையில் ஓர் ஆய்வுக்கூடம்: செலவுக் கணக்கு

பயிற்சி மையத்தில் கட்டியதில் ஏறக்குறைய பாதிப் பணத்தில் இதை அமைத்தேன். காயில் கட்டும் கடையிலிருந்து பழைய 1 எச்பி மூன்று ஃபேஸ் மோட்டார், 2,200 ரூபாய். சிங்கிள் ஃபேஸ் உள்ளீடு வாங்கி மூன்று ஃபேஸ் தரும் 0.75 கிலோவாட் டிரைவ், 7,500. ட்ரூ ஆர்எம்எஸ் மல்டிமீட்டர், 3,400. எம்சிபி, எமர்ஜென்சி ஸ்டாப், கேபிள், எர்த் கம்பி எல்லாம் சேர்த்து 1,800. மொத்தம் 14,900. நான் வாங்கியபோது இருந்த விலை இது. இன்று ஓரளவு கூடியிருக்கும். மூன்று நண்பர்கள் சேர்ந்தால் சுமை தெரியாது.

இங்கே பலர் மாட்டிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் டிரைவ் மூன்று ஃபேஸ் தரும், ஆனால் அதுவும் 230 வோல்ட்தான், 415 வராது. நம் ஊர்ச் சிறிய மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் (மூன்று காயில்களின் ஒரு முனையை ஒன்றாக முடிந்து) கட்டப்பட்டவை. அப்படியே இணைத்தால் மோட்டார் வலுவில்லாமல் முனகும். டெர்மினல் பெட்டியைத் திறந்து, காயில்களை முக்கோணமாக இணைக்கும் டெல்டாவுக்கு மாற்ற வேண்டும்; 415-ஐ மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 240, டிரைவ் தருவதற்குப் பொருந்துகிறது. இதற்கு மோட்டாரிலிருந்து ஆறு முனைகள் வெளியே வந்திருக்க வேண்டும். மூன்று முனைகள் மட்டும் இருந்தால், ஸ்டார் முடிச்சு உள்ளேயே போடப்பட்டிருக்கும். ஆகவே பழைய மோட்டார் வாங்கும்போது பெட்டியைத் திறந்து ஆறு முனைகளை எண்ணிவிட்டுப் பணம் கொடுங்கள்.

7. உயிருக்கு ஆபத்தானவை

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

டிரைவுக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டால் அது செத்துவிட்டது என்று எண்ணாதீர்கள். உள்ளே இருக்கும் மின்தேக்கிகளில் மின்சாரம் தேங்கி நிற்கும். இந்த மின்தேக்கிகள் இணைந்திருக்கும் உள் டிசி இணைப்புதான் டிசி பஸ். 415 வோல்ட் டிரைவில் அதன் வோல்டேஜ் சுமார் 587. 230 வோல்ட் டிரைவில் சுமார் 325. என் மேசையில் முதல் நாள் மெயினை அணைத்துவிட்டு டிசி பஸ் முனைகளில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். திரை அணைந்துவிட்டது, விசிறி நின்றுவிட்டது, மீட்டர் மட்டும் 300-க்கு மேல் காட்டியது. 240, 190, 150 என்று அது நிதானமாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கை சில்லிட்டது. டிரைவின் மேல் எழுதியிருக்கும் நிமிடக் கணக்கு வரை காத்திருங்கள், பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடம். அதன் பிறகும் மீட்டரால் அளந்து உறுதி செய்துவிட்டே கை வையுங்கள்.

உள்ளே வரும் லைனை யு, வி, டபிள்யூ முனைகளில் இணைத்துவிட்டால் டிரைவ் அந்த நொடியே வெடிக்கும். அவை மோட்டாருக்குப் போகும் முனைகள்.

மோட்டாருக்கு மெகர் (காயிலின் மின்காப்பை அளக்கும் கருவி) பார்க்கும்போது டிரைவிலிருந்து கேபிளைக் கழற்றிவிடுங்கள். மெகரின் 500 வோல்ட் டிரைவுக்குள் போனால் ஐஜிபிடி போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் கடற்கரைப் பகுதி மோட்டார்கள் ஈரம் இழுக்கும், மெகர் அடிக்கடி பார்க்க வேண்டிவரும். அதனால் இந்தத் தவறும் அந்த மாதங்களில்தான் அதிகம் நடக்கிறது. உப்புக் காற்றில் எர்த் இணைப்பும் துருப்பிடிக்கும். ஆண்டுக்கு ஒரு முறை எர்த் முடிச்சைக் கழற்றித் தேய்த்துத் திரும்ப முடுக்குங்கள்.

ஆசிலோஸ்கோப்பின் சாதாரண புரோப்பை டிரைவின் உள்ளே வைக்கவே கூடாது. அதன் எர்த் கிளிப் வழியே குறுக்குச் சுற்று ஏற்பட்டு ஸ்கோப்பும் போகும், கையும் போகும். டிரைவின் வெளியீட்டைச் சாதாரண மீட்டரால் அளந்தால் எண்ணும் தவறாக வரும். அதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

தனியாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். வீட்டில் யாராவது ஒருவருக்கு மெயின் எங்கே என்று காட்டிவைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

8. முதல் ஓட்டம்

புத்தகத்தில் முந்நூறு பாராமீட்டர் இருக்கும், மலைக்க வேண்டாம். மோட்டாரின் வோல்டேஜ், மின்னோட்டம், அதிர்வெண், ஆர்பிஎம். வேகமெடுக்கும் நேரம், வேகம் குறையும் நேரம். கட்டளை எங்கிருந்து, வேகம் எங்கிருந்து. இந்த எட்டும் சரியாக இருந்தால் மோட்டார் ஓடும். மின்னோட்டத்தை நேம் பிளேட்டிலிருந்து எடுங்கள்; டெல்டாவுக்கு மாற்றியிருந்தால் ஸ்டாரில் எழுதிய ஆம்பியரை 1.73-ஆல் பெருக்கிப் போட வேண்டும், அந்த எண் டிரைவின் திறனுக்குள் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இப்போது அந்தப் புளோயருக்கு வருகிறேன். அவர் மாற்றிய எண், வேகம் குறையும் நேரம். புளோயரின் விசிறிச் சக்கரம் கனமானது. 5 நொடியில் நில் என்று டிரைவ் சொன்னால், சக்கரத்தின் வேகம் மோட்டாரையே ஜெனரேட்டர் ஆக்கிவிடும். அந்த மின்சாரம் டிரைவுக்குள் திரும்பி வரும். டயோடு வழியே லைனுக்குப் போக முடியாமல் மின்தேக்கிகளில் ஏறும். டிசி பஸ் வோல்டேஜ் எல்லையைத் தாண்டியதும் டிரைவ் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். நான் அளந்தது உள்ளே வரும் லைனை, பிரச்சினை இருந்ததோ உள்ளே டிசி பஸ்ஸில். நேரத்தை 40 நொடியாக்கியதும் சக்கரம் காற்றின் தடையிலேயே மெல்ல அடங்கியது. உடனே நின்றாக வேண்டிய இயந்திரம் என்றால் பிரேக்கிங் ரெசிஸ்டர் போட வேண்டியிருக்கும்.

உங்கள் மேசையில் இதை நீங்களே வரவழைத்துப் பார்க்கலாம். மோட்டாரின் தண்டில் கனமான ஒரு புல்லியை உறுதியாக மாட்டி, மேலே கம்பி வலைக் கூண்டு போட்டு, நேரத்தை 10 நொடியிலிருந்து ஒவ்வொரு நொடியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். திரையில் டிசி பஸ் வோல்டேஜை வைத்துப் பாருங்கள். எந்த நொடியில் டிரைவ் டிரிப் ஆகி நின்றுவிடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

9. கேட், எம்.இ.: நாள்காட்டி

சர்வீஸ் வேலைக்கு எம்.இ. கட்டாயம் இல்லை. வடிவமைப்பு, ஆராய்ச்சி, கற்பித்தல் பக்கம் போக விரும்பினால் தேவை.

எம்.இ., எம்.டெக். சேர்க்கைக்காகத் தேசிய அளவில் நடக்கும் கேட் தேர்வுக்கான விண்ணப்பம் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கிச் செப்டம்பர் வரை இருக்கும். தேர்வு பிப்ரவரியில், முடிவு மார்ச்சில். மதிப்பெண் 3 ஆண்டு செல்லும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணம் பாதி. ஓபிசிக்குச் சலுகை இல்லை. தமிழ்நாட்டு எம்.இ. இடங்களுக்கு மட்டும் என்றால் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா-பிஜி நுழைவுத் தேர்வு எழுதலாம். அது மார்ச் வாக்கில் வரும்.

கேட் மதிப்பெண்ணோடு ஏஐசிடிஇ ஏற்பு பெற்ற கல்லூரியில் முழுநேர எம்.இ. சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. இதற்கு ஆதார் இணைத்த உங்கள் பெயரிலான தனிச் சேமிப்புக் கணக்கு வேண்டும். அம்மாவோடு சேர்ந்த கூட்டுக் கணக்கு ஏற்கப்படாது. கல்லூரி தரும் அடையாள எண்ணை வைத்து நீங்களே குறிப்பிட்ட நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அலுவலகத்தில் போய் எண்ணைக் கேட்டு வாங்குங்கள், யாரும் கூப்பிட்டுத் தரும் வரை காத்திருக்காதீர்கள்.

10. தொழிற்சாலைக்குள் நுழைவது

நம் பக்கத்துக்கு வாய்த்த நன்மை, எல்லா வகைச் சுமையும் ஒரு பஸ் தூரத்தில் இருப்பது. நெய்வேலிச் சுரங்கத்தில் நெடுந்தூரம் ஓடும் கன்வேயர் பெல்ட். எந்த வேகத்திலும் ஒரே முறுக்குவிசை கேட்கும் சுமை அது. சிப்காட்டிலும் புதுச்சேரியின் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைகளிலும் பம்பு, விசிறி. இவற்றில் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் தேவைப்படும் திறன் ஏறக்குறைய 51 சதவீதமாக இறங்கும், டிரைவ் போட்ட செலவு மின்கட்டணத்தில் திரும்பி வருவது இங்கேதான். நெல்லிக்குப்பம், சேத்தியாத்தோப்பு பக்கம் சர்க்கரை ஆலைகள். சர்க்கரையைப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூகல் இயந்திரம் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் ஏறி, சட்டென்று இறங்கி, மறுபடி ஏறும். திரும்பி வரும் மின்சாரத்தை என்ன செய்வது என்ற பாடத்துக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ஆலைகளில் பயிற்சி கேட்பதானால் அரைவை முடிந்து பராமரிப்பு நடக்கும் மாதங்களில் கேளுங்கள். அப்போதுதான் பேனலைத் திறந்து வைத்திருப்பார்கள்.

அப்ரண்டிஸ் பயிற்சிக்கு, டிப்ளமோ, பட்டம் முடித்தவர்கள் மத்திய அரசின் நாட்ஸ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஐடிஐ முடித்தவர்களுக்குத் தனித் தளம் இருக்கிறது. என்எல்சி தன் அறிவிப்புகளை அவ்வப்போது வெளியிடும், பதிவு எண் இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது. ஒன்றை மறக்காதீர்கள்: ஏற்கெனவே ஓர் இடத்தில் அப்ரண்டிஸாக இருந்தவர்களையும், ஓர் ஆண்டோ அதற்கு மேலோ வேலை அனுபவம் உள்ளவர்களையும் பொதுவாக எடுப்பதில்லை. கிடைத்த இடத்தில் முதலில் சேர்ந்துவிட்டுப் பிறகு நல்ல இடத்துக்கு மாறலாம் என்று நினைத்தால் கதவு மூடிவிடும். டிரைவ்கள் உள்ள ஆலையாகப் பார்த்து அந்த ஒரு வாய்ப்பைப் பயன்படுத்துங்கள்.

உள்ளே போன முதல் நாள் எந்த டிரைவின் முன் நிறுத்தினாலும், எதையும் தொடுமுன் இருக்கும் பாராமீட்டர்களைக் கீபேடில் நகல் எடுங்கள். நகல் வசதி இல்லையென்றால் ஒவ்வொன்றாக நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மோட்டாரின் நேம் பிளேட், கடைசியாக வந்த டிரிப்புகளின் பட்டியல், டிரிப் ஆன நேரத்து டிசி பஸ் வோல்டேஜ், மின்னோட்டம் ஆகியவற்றையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். தேதி போட மறக்காதீர்கள். அந்த நோட்டு பென்சிலில் இருந்தால் நல்லது. ஆலையின் ஈரத்தில் பேனா மை கலைந்துவிடும்.